உட்காரத் தைத்த உடை

தென்காசியில் எனக்குத் தைத்துத் தரும் டெய்லர் அண்ணாச்சி ஒருநாளும் யாரையும் உட்கார வைத்து அளவெடுத்ததில்லை. "நிமிர்ந்து நில்லுங்க, மூச்சப் பிடிக்காதீங்க." அவ்வளவுதான். இந்திய விண்வெளி வீரர் ராகேஷ் சர்மாவின் உடையைப் பற்றிச் சொன்னதும் கத்தரியைக் கீழே வைத்தார். "உக்காந்த வாக்குலயா தச்சாவ? அப்ப நின்னா கூனுமே?"

கூனத்தான் செய்யும். அந்த உடைக்குப் பெயர் சோகோல். ரஷ்ய மொழியில் வல்லூறு. மாஸ்கோவை அடுத்த தொமிலினோவில் உள்ள ஸ்வெஸ்தா தொழிற்சாலை, போடுபவரின் உடம்புக்கு அளவெடுத்துத் தைப்பது. சோயுஸ் கலத்தின் இருக்கையில் முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கி மல்லாந்து கிடக்க வேண்டும்; உடையின் வெட்டும் அதற்கேற்றது. ராக்கெட்டுக்குப் போகும் வீரர்கள் கிழவர்களைப் போல முதுகு வளைந்து நடப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

இப்படியோர் உடை பிறந்ததற்குப் பின்னால் மூன்று சாவுகள் இருக்கின்றன. 1971 ஜூன் 30 அன்று சோயுஸ் 11 திரும்பும்போது ஒரு வால்வு திறந்துகொண்டு கலத்தின் காற்று முழுவதும் வெளியேறியது. உள்ளே இருந்த மூவரும் அழுத்த உடை அணிந்திருக்கவில்லை. அதை அணிந்து மூன்று பேர் உட்கார அங்கே இடமும் இல்லை. அதன்பிறகு சோயுஸில் உடையில்லாமல் யாரும் ஏறவில்லை.

சர்மா அணிந்தது 1980 முதல் புழக்கத்துக்கு வந்த கேவி-2 வகை. எடை சுமார் 10 கிலோ. வெளியே நைலான், உள்ளே காற்றுப்புகாத ரப்பர் பூசிய பை. நெஞ்சுப் பக்கத்துத் திறப்பு வழியே உள்ளே நுழைந்தபின் அந்தப் பையின் வாயை அரிசி மூட்டை மாதிரி கொத்தாகப் பிடித்துச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு இறுக்குவார்கள். விண்வெளித் தொழில்நுட்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இந்த மூட்டைக் கட்டுதான்.

1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11இல் சோவியத் வீரர்கள் மாலிஷெவ், ஸ்த்ரெகலோவ் ஆகியோருடன் சர்மா கிளம்பினார். சல்யூத் 7 நிலையத்தில் இருந்த நாட்களில் அந்த உடைக்கு வேலையில்லை. அது வெளியே மிதப்பதற்கானது அல்ல, கிளம்பவும் இறங்கவும்தான். வியர்வை போகக் காற்றூட்டி உலர்த்தி வைப்பார்கள். (சாரல் நாளில் குற்றாலத்தில் துண்டு காயப்போட்டவர்களுக்கு அந்தக் காற்றின் அருமை தெரியும்.) ஏப்ரல் 11 அன்று, ஏற்கெனவே அங்கே நின்ற டி-10 கலத்தில் ஏறி கஜகஸ்தானில் இறங்கினார்கள். மொத்தம் 7 நாள், 21 மணி, 40 நிமிடம்.

அதே ஆண்டு பிப்ரவரியில்தான் டெல்லி நேரு கோளரங்கம் திறக்கப்பட்டிருந்தது. டி-10இன் இறங்குகலமும் சர்மாவின் உடையும் இறுதியில் அங்கேதான் வந்து சேர்ந்தன.

காட்சிக்கு வந்தபின்தான் உடைக்கு உண்மையான சோதனை. சென்னை ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ள பழைய பட்டாளத்துச் சீருடைகளுக்கு எதிரி பூச்சியும் ஈரமும். விண்வெளி உடைக்கு எதிரி அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. ரப்பர் தானாகவே இறுகும், வெடிக்கும், பொடியும். ஆரியங்காவு தாண்டி ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் தெரியும், அது எவ்வளவு கோபக்காரப் பொருள் என்று. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம், நிலவில் நடந்த ஆம்ஸ்ட்ராங்கின் உடையை 2006இல் காட்சியிலிருந்து எடுத்துவிட்டது. 2015இல் பொதுமக்களிடம் திரட்டிய 7 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பணத்தில் அதை ஆராய்ந்து பதப்படுத்தி, 2019 ஜூலை 16 அன்றுதான் மறுபடி நிறுத்தியது. உடையை சிடி ஸ்கேன் செய்து, உள்ளே எங்கெங்கே தாங்க வேண்டும் என்று கணித்து, காற்றோட்டத்துக்கு வழி வைத்து ஒரு பொம்மை செய்தார்கள்.

"அப்ப பொம்மையும் மூச்சு விடணும்ங்கிறீய" என்றார் அண்ணாச்சி. "சட்டைக்கு அளவெடுத்து ஆளைத் தச்சிருக்காவ."

திரும்பித் தன் கடை வாசலில் நிற்கும் பொம்மையைப் பார்த்தார். தெருவில் போகிறவர்களுக்குக் கச்சிதமாகத் தெரிந்த சட்டை, முதுகுப் பக்கம் நான்கு குண்டூசியில் நின்றுகொண்டிருந்தது.