மாசிச் சம்பலும் கடற்பறவைகளும்

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். வடக்கே தம்புள்ளைச் சமவெளி. கடல்மீன் ஐஸ் போட்டு லொறியில் வந்தாக வேண்டும். ஆயினும் இம்மலைநாட்டுச் சமையலறைகளில் தேங்காய்ச் சம்பலுடன் இடிபடும் மாசித் துண்டுக்கும் தென்சமுத்திரத்துப் பறவைகளுக்கும் தொடர்பொன்று உண்டென்றால் வாசகர்கள் வியக்கக்கூடும்.

முதலில் பறவைகளின் கதை. நெடுந்தூண்டில் என்பது பல கிலோமீற்றர் நீளமான ஒற்றைக் கயிறு. அதில் ஆயிரக்கணக்கான கொக்கிகள். கயிறு கடலில் இறங்கும்போது இரை சற்று நேரம் மேற்பரப்பில் மிதக்கும். அதைக் கொத்த வரும் அல்பட்ரோஸ் கொக்கியில் மாட்டி, நீருக்குள் இழுபட்டு மூச்சுத் திணறிச் சாகும். ஜப்பானிய டூனாக் கப்பல்களால் தென்சமுத்திரத்தில் ஆண்டுக்குச் சுமார் 44,000 அல்பட்ரோஸ்கள் இவ்வாறு மடிவதாகத் தஸ்மேனியாவின் ஆய்வாளர் நைஜல் பிரதர்ஸ் 1991இல் கணக்கிட்டார். பெரிய அல்பட்ரோஸ் இரண்டாண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். அந்த இழப்பை எந்த இனம் ஈடுசெய்யும்?

பரிகாரமும் மீனவர்களிடமிருந்தே பிறந்தது. கப்பலின் பின்புறம் உயரத்திலிருந்து வண்ணப் பட்டிகள் தொங்கும் கயிற்றை இழுத்துச் சென்றால் பறவைகள் அஞ்சி விலகும் என்பதை ஜப்பானிய மீனவர்கள் கண்டறிந்தனர். இரவில் தூண்டில் இறக்குவதும், இரை விரைந்து அமிழப் பாரம் கட்டுவதும் மற்ற இரு வழிகள். இம்மூன்றில் இரண்டையேனும் தென் அகலாங்கு 25 பாகைக்குத் தெற்கே கடைப்பிடிக்க வேண்டுமென இந்து சமுத்திர டூனா ஆணைக்குழு 2012இல் விதித்தது. நமீபியாவில் கடலடி நெடுந்தூண்டில் கப்பல்களால் மடிந்த பறவைகள் 2009க்கும் 2018க்கும் இடையே ஏறத்தாழ 98 வீதம் குறைந்தன.

இலங்கைப் படகுகளோ வடக்கே நிற்பவை. அல்பட்ரோஸ் இங்கு வருவதும் அரிது. இங்கே கேள்வி வலையைப் பற்றியது. செவுள்வலை எதையும் தெரிந்தெடுப்பதில்லை. மூழ்கி மீன் தேடும் நீர்க்காகத்தைப் பொறுத்தவரை கடலும் கண்டலமைக் குளமும் ஒன்றே. இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட மிதப்பு வலைகளை 2022 முதல் இதே ஆணைக்குழு தன் எல்லை முழுவதிலும் தடைசெய்தது.

இனி மாசிக்கு வருவோம். 1343இல் மாலைதீவை அடைந்த இப்னு பதூதா, மீனை அவித்துப் புகையூட்டி இந்தியா, சீனா, யேமன் நாடுகளுக்கு அனுப்பும் வழக்கத்தைப் பதிவுசெய்தார். அந்தச் சூரை மீனைப் பிடிக்கும் முறை இன்றும் பெரிதும் மாறவில்லை. உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் வீசி, நீரைத் தெளித்துக் கூட்டத்தை மயக்கி, முள்ளில்லாக் கொக்கியுடைய கழியால் ஒவ்வொன்றாகத் தூக்கியெறிவர். இதில் பறவை சிக்குவது இல்லையென்றே சொல்லலாம். அதைவிடச் சுவையான செய்தி, மீன்கூட்டம் எங்கே என்று காட்டுவதே பறவைகள்தாம் என்பது. சூரைகள் சிறுமீன்களை மேலே துரத்த, ஆலாக்கள் அவ்விடத்தில் வட்டமிடும். படகு அங்கே திரும்பும். பறவைக்கூட்டம் அழிந்தால் அந்த மீனவன் கண்ணிழந்தவனாவான்.

நீண்டகாலம் மாசியின் தலையாய சந்தை இலங்கையே. 1970களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் நமது அரசு இறக்குமதியை வெட்டியபோது மாலைதீவின் பொருளாதாரமே தள்ளாடியது. பச்சை மீனை வெளிநாட்டுக் கொள்வனவுக் கப்பல்களுக்கு விற்கத் தொடங்கினர். இந்த மாற்றத்திலும் அவர்கள் கழியைக் கைவிடவில்லை. 2010இல் உள்நாட்டுப் படகுகளுக்கு நெடுந்தூண்டில் அனுமதி வழங்கிப் பார்த்து, 2019இல் அதை நிறுத்தினர். கழித்தூண்டில் சூரைக்கு 2012இல் சர்வதேசச் சான்றிதழும் கிடைத்தது.

இன்று இலங்கையின் தென்கரையிலும் மாசி தயாராகிறது. அதற்கான சூரை வலையிலும் படும், தூண்டிலிலும் படும். மாத்தளைக் கடையில் மாலைதீவு மாசியும் உள்ளூர் மாசியும் அருகருகே கிடக்கும், விலையில்தான் வேறுபாடு. எந்த மீன் எதில் பிடிபட்டது என்று கேட்டால் கடைக்காரருக்குத் தெரியாது. அவருக்கு விற்ற கொழும்பு மொத்த வியாபாரிக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.