பரிந்துரைக் கடிதமும் போஸ்ட்டாக் பணியும்: இயற்பியல் துறையில் ஒரு நூற்றாண்டு

முனைவர் பட்டம் முடித்தவர் இரண்டு மூன்று ஆண்டுகள் வேறோர் ஆய்வகத்தில் பணியாற்றும் போஸ்ட்டாக் முறைக்கு நிலையான வடிவம் கிடைத்தது 1919இல். ராக்ஃபெல்லர் அறக்கட்டளை தந்த ஐந்து லட்சம் டாலரைக் கொண்டு அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஆய்வு நல்கைகளைத் தொடங்கியது. பணம் எங்கிருந்து வருகிறது, இடம் இருப்பது எப்படித் தெரிகிறது என்பவை அதன்பின் பலமுறை மாறிவிட்டன. பரிந்துரைக் கடிதத்தின் பிடி மட்டும் தளரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1923இல் அமைந்த சர்வதேசக் கல்வி வாரியமும் ராக்ஃபெல்லர் பணத்தில் இயங்கியதுதான். அதன் நல்கைக்கு மாணவர் தாமே விண்ணப்பிக்க முடியாது. பேராசிரியர் பெயரை முன்மொழிய வேண்டும். இயற்பியலாளர் வெர்னர் ஹைசன்பர்க் 1924 இலையுதிர்காலத்தில் கோபன்ஹேகனுக்கு நீல்ஸ் போரிடம் சென்றது இந்த நல்கையில்தான். கேட்டு அழைக்கப் போர் இருந்தார், கோட்டிங்கனிலிருந்து விட்டுக்கொடுக்க மாக்ஸ் போர்ன் இருந்தார். அப்படி இருவர் வாய்க்காத மாணவருக்கு அந்தக் கதவு இருப்பதே தெரிந்திருக்காது.

கடிதம் எதையெல்லாம் சுமந்து சென்றது என்பதற்கு 1925இல் ஹார்வர்டின் பிரிட்ஜ்மன் தம் மாணவர் ஓப்பன்ஹைமருக்காகக் கேம்பிரிட்ஜின் ரதர்ஃபோர்டுக்கு எழுதியது நல்ல சான்று. ஓப்பன்ஹைமர் அப்போது முனைவர் பட்டம்கூடப் பெறவில்லை. மாணவரின் கிரகிக்கும் ஆற்றலை வியந்த பிரிட்ஜ்மன், சோதனைக்கூட வேலையில் கை திருந்தாதவர் என்றும் சொன்னார். அதோடு நிற்கவில்லை: இவர் யூதர், ஆனால் யூதர்களிடம் வழக்கமாகக் காணும் குணங்கள் இல்லாதவர் என்றும் சேர்த்தார். அதை அவர் பாராட்டாகவே எழுதியிருக்கிறார்! ரதர்ஃபோர்டு சேர்த்துக்கொள்ளவில்லை, அவரது கேவண்டிஷ் ஆய்வகத்திலேயே ஜே. ஜே. தாம்சன் இடம் கொடுத்தார். 1927இல் தேசிய ஆராய்ச்சி மன்ற நல்கையும் அடுத்த ஆண்டு சர்வதேசக் கல்வி வாரிய நல்கையும் ஓப்பன்ஹைமருக்குக் கிடைத்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசுப் பணம் பெருகியது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1952இல் நல்கைகளை வழங்கத் தொடங்கியபோதும், பேராசிரியரின் ஆய்வுத் திட்ட நிதியிலிருந்தே சம்பளம் பெற்றவர்கள் ஏராளம். அந்த இடங்கள் தொலைபேசியிலும் மாநாட்டுத் தாழ்வாரங்களிலும் நிரம்பின. மாணவரும் அல்லாத, ஆசிரியரும் அல்லாத இவர்களைப் பற்றி 1969இல் வெளிவந்த அறிக்கைக்கு ‘கண்ணுக்குத் தெரியாத பல்கலைக்கழகம்’ என்றே தலைப்பு. இந்தியாவின் கவலை வேறு: வெளிநாடு போனவர் திரும்பினால் எங்கே அமர்த்துவது? அதற்காக 1958இல் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். விஞ்ஞானிகள் தொகுப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

காலியிடங்களை விளம்பரம் செய்யும் வழக்கம் பரவியபின் புதிய சிக்கல் முளைத்தது. இன்றே பதில் சொல் என்று நெருக்கும் நிறுவனம் ஒருபுறம், வரப்போகும் நல்ல இடம் மறுபுறம். அமெரிக்க வானியல் கழகம் 1988இல், பிப்ரவரி 15க்கு முன் முடிவு கேட்கக்கூடாது என்று தீர்மானித்தது. உயர் ஆற்றல் இயற்பியல் கோட்பாட்டுத் துறையில் ஜனவரி 7 பல ஆண்டுகள் பொதுக்கெடுவாக இருந்தது. பேரம் பேசும் வலு முதல்முறையாகச் சற்றே விண்ணப்பதாரர் பக்கம் சாய்ந்தது என்று இதைக் கொள்ளலாம்.

இன்று அகாடமிக் ஜாப்ஸ் ஆன்லைன் போன்ற தளங்களில் யாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பதாரர் பரிந்துரைப்போர் மூவரின் பெயர்களைப் பதிய, தளம் அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப, வந்துசேரும் கடிதங்கள் அவர் கண்ணில் படுவதில்லை. தேர்வுக்குழுவுக்கு அறிமுகமான கையெழுத்து அவற்றில் ஒன்றாவது இருக்கவேண்டும் என்பதற்காகவே, ஆய்வேடு முடியுமுன் வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரையாவது எழுதிவிடும்படி நம் வழிகாட்டிகள் மாணவர்களை விரட்டுகிறார்கள்.