தாத்தா வயலில் ரெண்டு நெல்

போன மாசம் மன்னார்குடி பக்கத்துல எங்க தாத்தா ஊருக்குப் போயிருந்தேன். "ஏன் தாத்தா, மொத்த வயலையும் இயற்கைக்கு மாத்தக் கூடாதா?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சுட்டு, "ரெண்டு வருஷத்துக்கு உன் சம்பளத்துல பாதிய விட்டுக் குடுப்பியாடா?"ன்னு திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் வரல. இந்த எபிசோடே அந்தக் கேள்விக்காகத்தான்.

பசுமைப் புரட்சின்னா விவசாயிகளை யாரோ ஏமாத்திட்டாங்கன்னு நாம சுலபமா பேசிடுறோம். 1960-களுக்குப் போய்ப் பார்ப்போம். நாட்டுல கடும் அரிசித் தட்டுப்பாடு. 1967 தேர்தல்ல ரூபாய்க்கு மூணு படி அரிசிங்கிறதே பெரிய வாக்குறுதி. அந்தச் சமயத்துலதான் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி.27, பிலிப்பைன்ஸிலிருந்து 1966-ல் வெளியான ஐ.ஆர்.8 எல்லாம் டெல்டா வயலுக்கு வருது.

ஐ.ஆர்.8-ன் பலம் அதோட குட்டைத் தண்டுதான். உயரமான நாட்டு ரகத்துக்கு யூரியா அதிகமா போட்டா, கதிர் கனத்துல பயிர் சாய்ஞ்சிடும். குட்டை ரகம் உரத்தை வாங்கிக்கிட்டு நிமிர்ந்து நிக்கும். தாத்தாவுக்கு அப்போ இருபது வயசு. "எங்களுக்கு மருந்தைப் பாத்து பயமில்ல, பசியைப் பாத்துதான் பயம்"னார்.

விலையை அப்புறம்தான் குடுத்தாங்க. 1970-கள்ல புகையான் பூச்சி பெருசா தாக்குச்சு. மருந்தடிச்சா, புகையானைத் தின்னுற சிலந்தியும் சேர்ந்து செத்துச்சு. பூச்சி மறுபடி பெருகுச்சு. குட்டைப் பயிருல வைக்கோலும் குறைவு. தீவனம் குறைய மாடு குறைஞ்சுது, மாடு குறைய எரு குறைஞ்சுது, அந்த இடத்துக்கு இன்னொரு மூட்டை உரம் வந்துச்சு.

இதை மாத்தணும்னு ஊர் ஊரா நடந்தவர் நம்மாழ்வார். திருத்துறைப்பூண்டி பக்கம் 'நெல்' ஜெயராமன் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தினார். ரெண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்கிட்டுப் போறவங்க, அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பித் தரணும். அப்படித்தான் நூத்துக்கும் மேற்பட்ட ரகங்கள் மறுபடி வயலுக்கு வந்துச்சு.

விதை கிடைச்சாச்சு, அப்புறம் ஏன் எல்லாரும் மாறல? மாப்பிள்ளைச் சம்பா விளைய ஏறக்குறைய 160 நாள். மகசூல் குறைவு. இயற்கைச் சான்றிதழ் வேணும்னா அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷ மாற்றக் காலம். அரசு கொள்முதல் நிலையத்துல சன்ன ரகம், பொது ரகம்னுதான் விலை. ரசாயனம் போடாததுக்குத் தனி விலை கிடையாது. அதாவது, மாறுறதோட மொத்த ரிஸ்க்கும் விவசாயி தலையில.

தாத்தா என்ன பண்றார் தெரியுமா? அரை ஏக்கர்ல வீட்டுச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளைச் சம்பா, உரமே கிடையாது. மீதியில விற்பனைக்குக் குட்டை ரகம், யூரியாவோட. முதல்ல எனக்கு இது இரட்டை வேஷமா தெரிஞ்சுது. இப்போ அப்படித் தோணல. நம்பிக்கையை அரை ஏக்கர்ல வெச்சிருக்கார், கடனை மீதியில கட்டுறார்.

கிளம்பும்போது சொன்னேன்: "இன்னொரு அரை ஏக்கர் மாத்துங்க தாத்தா. விளைச்சல் எப்படி இருந்தாலும், பேசின பணத்தை நானும் ஆபீஸ் நண்பர்களும் நடவுக்கு முன்னாடியே குடுத்துடுறோம்."

"முதல்ல காசைக் கொண்டா. விதை எங்கிட்ட இருக்கு"ன்னார்.

நண்பர்கள் குரூப்ல கேட்டிருக்கேன். இதுவரைக்கும் மூணு பேர் சரின்னு சொல்லியிருக்காங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே.