ஒலிவாங்கிக்கு முன்னும் பின்னும்: மாணவர் வலையொலியில் எழுத்தின் இடம்

மாணவர்கள் தாமே தயாரிக்கும் வலையொலி, அதாவது பாட்காஸ்ட், அவர்களுடைய வாசிப்பையும் எழுத்தையும் வளர்க்கும் என்பது ஆசிரியர் பயிலரங்குகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு. பேசிப் பதிவுசெய்வதால் எழுத்து எப்படி வளரும் என்ற கேள்வி அங்கே பெரும்பாலும் எழுவதில்லை. பதிவுக்கு முன் எழுதப்படும் எழுத்துப்படியும், பதிவுக்குப் பின் பேச்சைக் கேட்டு எழுதும் வேலையுமே எழுத்தறிவை வளர்க்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். இவ்விரண்டையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது நல்ல பேச்சுப் பயிற்சி. அதற்கும் மதிப்புண்டு, ஆனால் அதை எழுத்தறிவுக் கணக்கில் வரவு வைக்க முடியாது.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமஹா நகரில் உள்ள வில்லோடேல் தொடக்கப் பள்ளி, 'ரேடியோ வில்லோவெப்' என்ற தொடரை 2005இல் வெளியிடத் தொடங்கியது. பாட்காஸ்ட் என்ற பெயர் லண்டன் 'கார்டியன்' நாளிதழில் அச்சேறி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதாவது, கருவி பிறந்ததுமே பள்ளிக்குள் நுழைந்துவிட்டது. அதைப் பெருந்திரள் முயற்சியாக்கியது என்பிஆர் எனப்படும் அமெரிக்கப் பொது வானொலி நடத்திய மாணவர் வலையொலிப் போட்டி. 2019இல் நடந்த முதல் போட்டிக்கு ஏறத்தாழ 6,000 ஒலிக்கோப்புகள் வந்தன. பங்கேற்ற மாணவர்கள் சுமார் 25,000 பேர்.

அந்த ஆண்டு பரிசு பெற்ற இரு படைப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும். உயர்நிலைப் பிரிவில் வென்றவர்கள் டென்னசி மாநிலத்தின் எலிசபெத்டன் ஊர் மாணவர்கள். பக்கத்து ஊரான எர்வினில் 1916இல் மேரி என்ற சர்க்கஸ் யானையை ரயில்வே பாரந்தூக்கியில் தூக்கிலிட்டார்கள். அந்தப் பழியைச் சுமந்த ஊர் அதிலிருந்து எப்படி மீள முயல்கிறது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கதை. நடுநிலைப் பிரிவில் வென்ற நியூயார்க் பிராங்க்ஸ் பகுதிச் சிறுமிகள், மாதவிடாயைப் பற்றி வாய்திறக்கத் தயங்கும் வழக்கத்தைப் பற்றித் துணிந்து பேசினார்கள். இரண்டும் பரிசுக்குத் தகுதியானவையே. ஆனால் மொழியாசிரியரின் கண்ணுக்கு இவை ஒரே வேலையாகத் தெரியக் கூடாது. நூறாண்டுக்கு முந்திய நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டுமானால் பழைய செய்திகளையும் ஊர் வரலாற்றையும் படித்தாக வேண்டும்; ஒன்றோடொன்று முரண்படும் கூற்றுகளில் எதை நம்புவது என்று முடிவெடுக்க வேண்டும். தன் அனுபவத்தைப் பேசுவதற்கு வேண்டிய துணிவும் தெளிவும் வேறு வகையானவை. அங்கே வாசிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எந்தப் பொருளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே வாசிப்பின் அளவு பாதி முடிவாகிவிடுகிறது.

வலையொலிக்கு முன்னோடிகள் உண்டு. அவற்றை மறந்துவிட்டுப் பேசுவதால்தான் இதைப் புதுமை என்று மிகைப்படுத்துகிறோம். பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தேன் ஃபிரெனே, பார்-சுர்-லூ என்ற சிற்றூர்ப் பள்ளியில் 1924இல் ஒரு சிறிய அச்சுப்பொறியைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தங்கள் வாழ்விலிருந்து சொன்னதும் எழுதியதும் வகுப்பில் கூடித் திருத்தப்பட்டன. பிறகு அவர்கள் கையாலேயே எழுத்தெழுத்தாக அச்சுக் கோக்கப்பட்டு வேறு பள்ளிகளுக்கும் அனுப்பப்பட்டன. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் மலைப்பகுதியில் 1966இல் தொடங்கிய 'ஃபாக்ஸ்ஃபயர்' முயற்சி இன்னும் நெருங்கிய உறவு. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஒலிநாடாக் கருவியோடு முதியவர்களைத் தேடிப் போனார்கள். மரவீடு கட்டுவதையும் பன்றி அறுப்பதையும் நாட்டு மருந்துகளையும் பற்றிக் கேட்டுப் பதிவுசெய்தார்கள். அதைத் தாளில் எழுதி இதழாக வெளியிட்டார்கள். அவற்றின் தொகுப்பு 1972இல் நூலாக வந்து பல லட்சம் படிகள் விற்றது.

இவ்விரண்டிலும் இறுதிப்பொருள் அச்சு. பேச்சில் தொடங்கினாலும் எழுத்தில் போய் முடிந்தே தீர வேண்டும். வேறு வழி கிடையாது. வலையொலியில் அந்தக் கட்டாயம் கழன்றுவிடுகிறது. ஒலியில் தொடங்கி ஒலியிலேயே முடிக்கலாம். நடுவில் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. ஃபிரெனேயின் அச்சுப்பொறி தானாகச் செய்ததை இங்கே ஆசிரியர் திட்டமிட்டுப் புகுத்த வேண்டியிருக்கிறது. வலையொலியை ஆதரித்து எழுதுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள் என்பது என் குறை.

முதலில் எழுத்துப்படி. என்பிஆர் போட்டியில் தொடக்கத்தில் 12 நிமிடம் வரை இருந்த உச்சவரம்பு பின்னர் 8 நிமிடமாகக் குறைந்தது. நிதானமான ஆங்கிலப் பேச்சில் நிமிடத்துக்கு 150 சொற்கள் என்று கொண்டால் 8 நிமிடத்துக்கு 1,200 சொற்கள். தமிழில் சொற்கள் ஒட்டி நீள்வதால் எண்ணிக்கை இன்னும் குறையும். நேர்காணலிலிருந்து எடுத்த பகுதிகளுக்கும் இடம் விட்டால், மாணவர் சொந்தமாக எழுதக்கூடியது சில பக்கங்கள்தான். வகுப்புக் கட்டுரையில் 'இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுக' என்று கேட்டுக் கேட்டு, நிரப்புவதையே எழுத்தாகப் பழக்கிவிட்டோம். இங்கே நேரவரம்பு வெட்டச் சொல்கிறது. எழுத்து உளவியலில் ஸ்கார்டமாலியா, பெரைட்டர் இருவரும் 1987இல் வகுத்த வேறுபாடு இங்கே துணைசெய்கிறது: தெரிந்ததை வரிசையாகக் கொட்டுவது ஒரு வகை எழுத்து, எழுதும்போதே தெரிந்ததை மாற்றியமைப்பது இன்னொரு வகை. ஒரு வரியைக் காப்பதா விடுவதா என்று குழுவில் வாதாடும் மாணவர் இரண்டாம் வகைக்குள் காலடி வைக்கிறார்.

கேட்பவர் பின்னால் புரட்டிப் பார்க்க முடியாது என்பதும் எழுத்துக்கு நல்ல ஆசான். 'மேற்கூறிய காரணங்களால்' என்று எழுதிய மாணவர், அதை உரக்கப் படித்ததும் எந்தக் காரணங்கள் என்று தோழி கேட்கும்போது தடுமாறுவார். எழுவாயும் பயனிலையும் பத்துச் சொல் தள்ளி நிற்கும் வாக்கியம் மூச்சு முட்டவைக்கும். சிவப்பு மையால் சுழித்துக் காட்டியும் உறைக்காத பிழை இப்படித் தானாக உறைக்கும்.

வாசிப்புக்கு வருவோம். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சரளத்தை வளர்க்கும் என்பதை ஜே சாமுவேல்ஸ் 1979இல் எடுத்துரைத்தார். வழிகாட்டுதலோடு கூடிய வாய்விட்ட மறுவாசிப்பின் பயனை அமெரிக்கத் தேசிய வாசிப்புக் குழு 2000இல் உறுதிப்படுத்தியது. வகுப்பில் இதைச் செய்யவைப்பதுதான் கடினம். படித்ததையே ஏன் மறுபடி படிக்க வேண்டும் என்ற பிள்ளையின் கேள்விக்கு நம்மிடம் நல்ல பதில் இருந்ததில்லை. பதிவுக்கு முன் ஒத்திகை என்றால் கேள்வியே எழாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்துக்கூட்டும் திறனையும் மொழியறிவையும் பெருக்கி வரும் தொகை என்று காஃப், டன்மர் இருவரும் 1986இல் எளிய சூத்திரமாகச் சொன்னார்கள். பெருக்கலில் ஒன்று சுழியானால் விடையும் சுழி. வலையொலி கேட்பது மொழியறிவை வளர்க்கலாம். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அது எழுத்தைக் கற்பிக்காது. தொடக்க வகுப்புகளில் வாசிப்புக்கு மாற்றாக வலையொலியை முன்வைப்பது, இந்தக் காரணத்தால், தவறான வழிகாட்டல்.

தமிழ் வகுப்பறையில் இவ்விவாதம் வேறொரு ஆழம் பெறுகிறது. எழுதும் தமிழும் பேசும் தமிழும் விலகி நிற்கும் மொழி இது. எழுத்துப்படியின் முதல் வரியிலேயே மாணவர் முடிவெடுத்தாக வேண்டும்: 'அவர்கள் வந்துவிட்டார்கள்' என்று எழுதுவதா, 'அவங்க வந்துட்டாங்க' என்றா? வானொலிச் செய்தியின் தமிழ் ஒன்று, பண்பலைத் தொகுப்பாளரின் தமிழ் ஒன்று, பேட்டி தரும் பாட்டியின் தமிழ் ஒன்று. மூன்றும் ஒரே நிகழ்ச்சியில் வரலாம், எங்கே எது என்பது தெரிந்து வந்தால். பொதுப் பேச்சுத் தமிழ் என ஒன்று உருவாகியிருப்பதை ஹெரால்ட் ஷிஃப்மன் விரிவாக ஆராய்ந்தார். சிங்கப்பூரில் தமிழ்க் கல்வியை 2005இல் மறுஆய்வு செய்த குழு, அத்தகைய பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. தமிழகப் பாடநூல்கள் இன்னும் அந்தத் துணிவுக்கு வரவில்லை என்பது என் கணிப்பு. இரு வழக்குகளுக்கும் இடையே நினைத்தபடி போய்வரத் தெரிவதே தமிழில் எழுத்தறிவின் பெரும்பகுதி. வலையொலி அந்தப் போக்குவரத்தை வெளிப்படையாகச் செய்யவைக்கிறது.

பதிவுக்குப் பின் கேட்டு எழுதும் வேலையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பெரும்பாலானோர் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன. நகரமும் னகரமும் காதுக்கு வேறல்ல. பல வட்டாரங்களில் ழகரம் ளகரமாகிறது. ஆகவே ஒரு விவசாயி 'கரை' என்று சொன்னதா 'கறை' என்று சொன்னதா என்பதைக் காது சொல்லாது. பொருளும் எழுத்தறிவும்தான் சொல்ல வேண்டும். ஒற்றில் நிலைமை நேர்மாறு. 'அந்தப் பையன்' என்பதை 'அந்த பையன்' என ஒற்று விட்டு எழுதும் மாணவரும் பேசும்போது பகரத்தை அழுத்தித்தான் சொல்கிறார். அவருடைய குரலையே அவருக்குப் போட்டுக்காட்டினால் வலிமிகும் இடம் விதியாக அல்லாமல் ஒலியாக விளங்கும். காது உதவும் இடம் எது, கைவிடும் இடம் எது என்று பிரித்தறியும் இந்தப் பயிற்சிக்கு ஈடான இலக்கணப் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. வட்டாரச் சொல் வந்தால், கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்துக்குத் தொகுத்த வழக்குச் சொல்லகராதியைப் போல, வகுப்பே தன் ஊருக்கு ஒரு சிறு தொகுப்பை வளர்த்துக்கொள்ளலாம். பேச்சை நொடியில் எழுத்தாக்கும் செயலிகள் வந்துவிட்ட நாளில், கேட்டு எழுதும் இந்த ஒரு பகுதியைக் கையால் செய்யச் சொல்வது பிற்போக்கு ஆகாது. பாடமே அதில்தான் இருக்கிறது.

இரண்டு கேடுகளைச் சொல்லாமல் விட முடியாது. தொகுப்பு மென்பொருள் தடுமாற்றத்தை மறைத்துவிடும். வரிக்கு வரி திக்கிய வாசிப்பையும் வெட்டி ஒட்டிச் சரளமாக்கலாம். எனவே ஆசிரியர் கேட்க வேண்டியது வெட்டாத மூலப்பதிவை. இரண்டாவது, குழுவில் நடக்கும் வேலைப் பிரிவினை. நன்றாக எழுதும் மாணவி எழுதுவாள், குரல்வளம் உள்ளவன் வாசிப்பான், படிக்கத் திணறும் பையன் 'தொழில்நுட்பம்' என்ற பெயரில் மடிக்கணினியைப் பார்த்துக்கொள்வான். நிகழ்ச்சி அருமையாக வரும். எவனுக்காக இந்த முயற்சியோ அவன் ஒரு வரியும் வாசித்திருக்க மாட்டான். ஒவ்வொருவரும் ஒரு பகுதியையாவது எழுதி, வாசித்து, கேட்டு எழுத வேண்டும் என்பதைத் தளர்த்தக் கூடாது.

பிள்ளைகளின் குரலை இணையத்தில் ஏற்றுவது பற்றிய கவலை நியாயமானது. அதற்காக முயற்சியைக் கைவிட வேண்டியதில்லை; பள்ளி இறைவணக்கக் கூட்டத்தின் ஒலிபெருக்கியே போதிய மேடை.

மதிப்பீடுதான் எல்லாவற்றையும் முடிவுசெய்யும். ஒலித்தரத்துக்கும் பின்னணி இசைக்கும் மதிப்பெண் போட்டால் மாணவர்கள் அவற்றைத்தான் வளர்ப்பார்கள். முதல் வரைவு, திருத்திய வரைவுகள், படித்த மூலங்களைப் பற்றிய குறிப்பு, கேட்டு எழுதிய தாள், வெட்டாத வாசிப்புப் பதிவு ஆகியவற்றுக்கே மதிப்பெண்ணின் பெரும்பகுதி போக வேண்டும். வலையொலியை மொழிப்பாடத்தில் சேர்க்க விரும்பும் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் ஆண்டில் ஒரு குழுவுக்கு ஒரு நிகழ்ச்சி என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, அதன் வரைவுகள் அனைத்தையும் நாளிட்டுப் பாதுகாத்து வையுங்கள். அந்தத் தாள்கள் இல்லாமல் மாணவரின் எழுத்து வளர்ந்ததா என்பதை ஆசிரியராலும் சொல்ல முடியாது, ஆய்வாளராலும் சொல்ல முடியாது.