கடலுக்கும் ஓர் ஓய்வு



1989 மே 1 அன்று, ‘நீரைக் காப்போம், உயிரைக் காப்போம்’ என்ற முழக்கத்தோடு இரு கடற்கரைகளிலிருந்தும் புறப்பட்டு வந்த மீனவ மக்கள் கன்னியாகுமரியில் ஒன்றுகூடினார்கள். முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் இரட்சகர் சபைக் குரு தாமஸ் கொச்சேரி. அந்தப் பேரணி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஆனால், இழுவை மடி குஞ்சு மீனையும் வாரிக்கொண்டு போகிறதே என்ற அவர்களது கவலை நிலைத்து நின்றது.

தமிழகத்தில் 2001 முதல் 45 நாள்களாக இருந்த மீன்பிடித் தடைக்காலம் 2017இல் 61 நாள்களானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் விசைப்படகுகள் தொழிலுக்குப் போவதில்லை; மீன்கள் இனம் பெருக்குகின்றன. ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறது லேவியர் 25ஆம் அதிகாரம். கடலுக்கான இந்த ஓய்வுக்கு விலை கொடுப்பவர்கள், அரசு நிவாரணத்தை நம்பி நாள்களை ஓட்டும் படகுத் தொழிலாளர் குடும்பங்கள்.

மலையடிவாரத்து நமக்கும் இதில் பங்குண்டு. ஆகாய கங்கையாய் விழுந்து புளியஞ்சோலை வழியே ஓடும் அய்யாறு காவிரியைத் தேடிப் போகிறது. காவிரி கடலுக்குப் போகிறது. குளிக்க வருவோர் விட்டுச்செல்லும் ஷாம்பு உறையும் பிளாஸ்டிக் பாட்டிலும் அதே வழியில்தான் போகும். அவர்கள் இரண்டு மாத வருமானத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். நாம் ஞாயிறு திருப்பலி முடிந்து ஒரு மணி நேரம் கொடுப்போம். ஆளுக்கொரு சாக்குப் பையோடு ஆற்றங்கரைக்கு வாருங்கள். ஆமென்.