முத்து தைத்த கொக்கி

மலருக்குக் கட்டுரை கேட்ட செயலாளர், வரலாறு படித்தவன் என்பதால் நம் கல்லூரியின் பழங்கதையை எதிர்பார்த்திருப்பார். நான் எழுத வந்ததோ துணியில் போலி முத்து பதிக்கிற மெஷினைப் பற்றி. சிரிக்காதீர்கள்!

சென்ற வருஷம் தங்கை மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போனோம். கடையில் ஒரு பெண் கைப்பிடியை அழுத்த அழுத்த, துப்பட்டாவில் முத்து ஏறிக்கொண்டிருந்தது. கீழிருந்து சிறு ஆணி துணியைத் துளைத்து வந்து, மேலே பிளாஸ்டிக் முத்தின் துளையில் இறுகிவிடுகிறது. 'டக்'கென்று ஒரு முத்து. ஊசியுமில்லை, நூலுமில்லை. பக்கத்தில் ஆரி வேலை செய்துகொண்டிருந்த அம்மா, "இது வந்து எனக்குப் பாதி வேலை போச்சு சார்" என்றார். அந்தச் சொல்தான் பழைய புத்தகங்களைப் புரட்ட வைத்தது.

போலி முத்து பழைய சரக்கு. 17ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் மீன் செதிலின் மினுமினுப்பைக் கண்ணாடி மணிக்குள் பூசி, மெழுகு நிரப்பி விற்றார்கள். கொக்கி ஊசியால் போடும் சங்கிலித் தையல் 18ஆம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. நம் ஆரிக்கு அது நெருங்கிய உறவு.

அந்தக் கொக்கித் தையலைப் பார்த்துத்தான் பார்த்தலமி திமோனியே என்ற பிரெஞ்சுத் தையற்காரர் ஒரு தையல் மெஷின் செய்து, 1830இல் காப்புரிமை பெற்றார். இராணுவ உடுப்பு தைத்த அவருடைய பாரிஸ் பட்டறைக்குள் 1831இல் தையற்காரர்கள் புகுந்து மெஷின்களை நொறுக்கினார்கள். பரீட்சையில் இதை ஒரு வரியில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அவர்கள் வயிற்றைப் பற்றி அன்று யோசித்ததில்லை. திமோனியேயும் 1857இல் வறுமையில்தான் இறந்தார்.

ஆனால் கொக்கி சாகவில்லை. 1860களில் பிரான்சின் லூனெவில் ஊரில் அதை மணி தைக்கத் திருப்பினார்கள். மணிகளை முன்பே நூலில் கோத்து, துணியின் பின்பக்கம் பார்த்தபடி தைப்பார்கள். மணி அடியில் உட்காரும், கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் கணக்கு. பாரிஸின் உயர்தர உடைகளுக்கு இன்றும் அந்தக் கொக்கிதான்.

சங்கிலித் தையலில் ஒரு குறை உண்டு. நூல் ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரியும். ஆணி மெஷினில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஆணி பட்டில் ஓட்டை போடுமே!

துப்பட்டாவை மெஷினுக்குக் கொடுத்தோம். பட்டு ரவிக்கையை அந்த அம்மாவிடம் கொடுத்தோம். பதினோரு நாள் ஆயிற்று. கூலியில் என் தங்கை வழக்கம்போல் பேரம் பேச வாயெடுத்தாள், நான் சைகை காட்டி நிறுத்தினேன்.