மணியும் கோபுரமும்



தர்மபுரத்தில் நான் படித்த காலத்தில் எங்கள் பள்ளிக்கூட மணி ஒரு தண்டவாளத் துண்டுதான். வேப்பமரக் கொப்பில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இரும்புக் கம்பியால் தட்டினால் பரந்தன் - முல்லைத்தீவு வீதிவரை கேட்கும். 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஊரோடு நாங்களும் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது வேம்பு நின்றது. தண்டவாளத் துண்டைக் காணவில்லை. அன்றுமுதல் மணிகளின் கதைகளைத் தேடிப் படிப்பது எனக்குப் பழக்கமாயிற்று.

அவற்றுள் யாழ்ப்பாணக் கோட்டை மணியின் கதை தனித்துவமானது. போர்த்துக்கேயர் காலத்து மணி அது. யாழ்ப்பாணப் பட்டினத்து அற்புத மாதாவின் பெயரும் 1648 என்ற ஆண்டும் அதிலே பொறிக்கப்பட்டிருந்தன. பத்தே ஆண்டுகளில், 1658 இல், கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அவர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். ஆலயங்களைத் தமதாக்கிக் கொண்டார்கள். ஆனால் மணியை மட்டும் எறியவில்லை. 1706 இல் கோட்டைக்குள்ளே சிலுவை வடிவில் தாங்கள் எழுப்பிய தேவாலயத்தில் மாதாவின் மணியையே கட்டினார்கள். எந்த மதத்தைத் தடுத்தார்களோ, அந்த மதத்தின் மணியே அவர்களைச் செபத்துக்கு அழைத்தது! 1795 இல் ஆங்கிலேயர் வந்தனர். மணி அப்போதும் இருந்தது. 1990 ஆம் ஆண்டு கோட்டையைச் சுற்றி நடந்த போரில் தேவாலயம் சிதைந்தது. போருக்குப் பின்னர் நெதர்லாந்து உதவியுடன் கோட்டை மதில்கள் திருத்தப்பட்டன. தேவாலயமோ மீண்டும் எழவில்லை.

பரிஸ் நகரத்து நோத்ர டாம் பேராலயத்தில் நடந்தது வேறு. 2019 ஏப்ரல் 15 இல் அதன் கூரை எரிந்தது. கோபுரங்கள் தப்பின. தெற்குக் கோபுரத்தில் 13 தொன் எடையுள்ள பெரிய மணி ஒன்று உண்டு. 1686 இல் வார்த்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மற்ற மணிகளை உருக்கியபோதும் தப்பிய மணி அது. வடக்குக் கோபுரத்தின் எட்டு மணிகளையும் 2023 இல் இறக்கி, அவற்றை வார்த்த பட்டறைக்கே அனுப்பித் துப்புரவாக்கினார்கள். 2024 செப்டெம்பரில் அவை திரும்பி வந்தன. நவம்பர் 8 இல் மீண்டும் ஒலித்தன.

மணி வெண்கலம் ஏறத்தாழ நான்கு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் சேர்ந்தது. ஈயம் கூடினால் நாதம் தெளியும். ஆனால் மணி எளிதில் வெடிக்கும். வெடித்த மணியை உருக்கி வார்த்தால் உலோகம் பழையது, குரல் புதியது. ஆகவே திருத்துவோர் முடிந்தவரை வார்ப்பைத் தொடாமல், தாங்கும் மரச்சட்டத்தையும் அடிக்கும் நாக்கையுமே முதலில் பார்க்கிறார்கள். தாங்குவது உறுதியாக இருந்தால்தான் மணி மணியாக இருக்கும்.

எங்கள் ஊருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். இன்று மின்சார மணி அடிக்கிறது. அது வளவுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுந்தான் கேட்கும். அந்தப் பழைய துண்டின் ஒலியோ, வயலில் நின்ற தாய்க்கும் பிள்ளை எங்கே என்று சொன்னது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களில் பலர் இன்று இல்லை. பலர் கடல்கடந்து விட்டார்கள்.

வேம்பு இன்னமும் நிற்கிறது, நேயர்களே. கொப்பும் உறுதியாகவே இருக்கிறது. ஒரு முழத் தண்டவாளம் தேடிக்கொண்டிருக்கிறேன்.